சேவலை அறுக்கும் முன் ஒரு நிமிஷம்

சவூதியின் யான்பு சுற்றுவட்டாரத்தில் மஸ்ரா என்கிற தோட்டங்களிலும் இஸ்திராஹா என்கிற ஓய்வில்லங்களிலும் கோழி வளர்க்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,



சித்திரை பிறந்ததும் நம்மவர்கள் மத்தியில் ஒரு புகார் கிளம்பிவிடும். ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்கும்போதும், டீக்கடையிலும், யான்பு அல் நகல் போகிற பிக்கப் வண்டியிலும் அதே பேச்சுதான். "புதுசா நாலு வெடைக்கோழி வாங்கிவிட்டேன் அண்ணே. பழைய சேவல் நிற்க விடமாட்டேங்குது. ரெண்டு செத்துப்போச்சு. பேசாம சேவலை அறுத்துடலாமா?" கேட்டவர் வாயை மூடுவதற்குள் "அறுத்துடு" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். பிரியாணிக்கு ஆள் சேர்வதில் நமக்கு என்றைக்குமே தட்டுப்பாடு இருந்ததில்லை.

அந்தச் சேவல்களுக்காக வாதாடத்தான் இந்த மடல். வளர்ந்த சேவல் இருக்கும் கூட்டத்துக்குள் வெடைக்கோழிகளை விடும்போது நடக்கும் சாவுகளில் பல சேவலின் முள்ளால் நடப்பவை அல்ல. செத்த கோழியை எடுத்துப் பாருங்கள். பல சமயம் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. தண்ணீர்ச் சட்டியிலிருந்தும் நிழலிலிருந்தும் விரட்டப்பட்டு, வெயிலில் வேலியோரம் ஒண்டி நின்று, வாய் பிளந்து செத்திருக்கும். நம் ஊரில் விரட்டப்பட்ட கோழி பக்கத்து வீட்டுப் புளியமரத்தடிக்கு ஓடிப் பிழைத்துக்கொள்ளும். இங்கே வேலிக்குள் அடைபட்ட கோழிக்கு ஓடிப்போக மரம் இல்லை. எனவே, முதலில் பார்க்க வேண்டியது சேவலின் குணத்தை அல்ல, நாம் போட்டிருக்கும் நிழலையும் விட்டிருக்கும் மாதத்தையும்தான்.

சேவல் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். புது வெடை உள்ளே வந்ததும் சேவல் ஓர் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் அரைவட்டம் அடிக்கும். நாம் அதைத் தாக்குதல் என்று நினைக்கிறோம். அது வரவேற்பும் உரிமை கொண்டாடலும் சேர்ந்த ஒரு சடங்கு. பிறகு ஏதாவது தீனியைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு 'கொக் கொக்' என்று கூப்பிடும். தான் தின்னாமல் பெட்டைகளை அழைக்கிற சேவல், கூட்டத்துக்கு நல்ல சேவல். சில அடி தூரம் துரத்துவதும், கழுத்து இறகைப் பிடிப்பதும் முதல் சில நாட்களில் சகஜம். வெடைகளுக்கு இன்னும் பருவம் வரவில்லை என்றால் அவை பதறி ஓடும். கொண்டை சிவந்து, நாம் முதுகைத் தொட்டாலே தரையோடு பதுங்கிக் கொடுக்கிற பருவம் வந்துவிட்டால் அந்த ஓட்டமும் நின்றுவிடும்.

உண்மையான கொத்து வேறு இடத்திலிருந்து வருகிறது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை 1921இல் எழுதி வைத்தவர் நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே. சேவல்களுக்குள் ஒரு வரிசை, பெட்டைகளுக்குள் இன்னொரு வரிசை. புது வெடை வந்து சேர்வது பெட்டைகளின் வரிசையில். அதனால் தன் இடம் பறிபோகுமோ என்று பதறுவது வயசுக் கோழிகள், அதிலும் குறிப்பாக வரிசையின் அடியில் இருக்கிற கோழி. இத்தனை நாள் எல்லோரிடமும் கொத்து வாங்கிய அதற்கு, இப்போதுதான் கொத்துவதற்கு ஆள் கிடைத்திருக்கிறது. சேவல் இருக்கும் கூட்டத்தில் பெட்டைகளுக்கிடையே சண்டை குறைகிறது என்று சுவீடனில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. நாம் தூக்குத் தண்டனை கொடுக்கிற ஆளே பல இடங்களில் சண்டையை விலக்குகிற ஆளாக இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் எட்ட உட்கார்ந்து, தண்ணீர்ச் சட்டியிலிருந்து வெடைகளை விரட்டுவது யார் என்று எண்ணிப் பாருங்கள். விஷயம் விளங்கிவிடும்.

இப்போது வெயிலுக்கு வருவோம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காற்று 30 டிகிரியைத் தாண்டும்போதே அது இறக்கைகளை விலக்கி, வாய் திறந்து இரைக்கத் தொடங்கும். காற்றே 40ஐத் தொடும்போது, உடம்பின் சூட்டை வெளியேற்ற இரைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரைக்க இரைக்க உடம்பு நீர் இழக்கும், அதை ஈடுகட்ட அடிக்கடி குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் கோழி குடிக்கும் தண்ணீர் சாதாரண நாளைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு சட்டி வைத்து, அதைச் சுற்றிப் பழைய கோழிகள் ஆறைக் காவல் வைத்தால் புது வெடையின் கதி என்ன? துரத்தும்போது ஓடுவதால் சூடு ஏறும், பயத்தால் இன்னும் ஏறும், குடிக்கவும் முடியாது. காலையில் விட்ட கோழி மத்தியானம் சாய்ந்து கிடக்கும். நாம் வேலை முடிந்து வந்து சேவலைத் திட்டுவோம்.

இதிலும் யான்புவுக்குள் யான்பு வேறுபடும். யான்பு அல் பஹ்ரிலும் தொழில்நகரத்தை ஒட்டியும் இருப்பவர்களுக்குச் செங்கடலின் ஈரக்காற்று. காற்றில் ஈரம் கூடக்கூட, இரைப்பதால் கிடைக்கும் குளிர்ச்சி குறையும். அங்கே கூண்டுக்குள் தண்ணீர் தெளித்தால் பலன் சொற்பம், ஃபேன் காற்றுதான் காப்பாற்றும். உள்ளே தள்ளிப் பேரீச்சைத் தோட்டங்களுக்கு நடுவே யான்பு அல் நகலில் இருப்பவர்களுக்கு வறண்ட காற்று. அங்கே ஈரச் சாக்கு தொங்கவிடுவதும் தரையை நனைப்பதும் நன்றாகவே வேலை செய்யும். ஒருவர் சொன்ன யோசனையை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்வதற்கு முன் அவர் எந்த யான்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சவூதி அரசு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அந்த மூன்று மாதத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கூட்டி, மே தொடக்கம் முதல் செப்டம்பர் முடிய, சேவல் இருக்கும் கூட்டத்துக்குள் எந்தப் புதுக் கோழியையும் விடுவதில்லை என்று நாமும் ஒரு விதி வைத்துக்கொள்வோம். இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கடும் வெயிலில் சேவலின் விந்தும் வலுவிழக்கும், கோழிகள் தீனி எடுப்பது குறைந்து முட்டையும் குறையும். அந்த நாட்களில் அடை வைத்தால் கூமுட்டைதான் அதிகம் மிஞ்சும். சேர்த்தும் பலனில்லாத காலத்தில் எதற்கு அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டும்?

சரியான காலம் எது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ குஞ்சு வாங்குங்கள். முதல் வாரக் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். நம் ஊரில் பல்பு போட்டுக் கொடுக்கும் அந்தச் சூட்டின் பெரும்பகுதியை இங்கே காற்றே கொடுத்துவிடும். உச்சிப்பொழுதில் நிழலும் காற்றோட்டமும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பதினெட்டு வாரம் கழிந்தால் ஜனவரி. வெடைகள் ஏறக்குறைய பெரிய கோழி அளவுக்கு வந்திருக்கும், யான்புவில் அப்போதுதான் பகலே இதமாக இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. கோழி முட்டைக்கு வருவதைப் பகல் வெளிச்சத்தின் நீளமும் தீர்மானிக்கிறது. கடகரேகைக்குச் சற்று வடக்கே இருக்கும் இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜூனில் பதின்மூன்றரை மணி நேரம். ஜனவரியில் பருவத்துக்கு வரும் வெடைகளுக்கு நாளுக்கு நாள் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். ஏப்ரலில் வாங்கிய வெடைகளை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். அவற்றைத் தனிக் கூண்டிலேயே அக்டோபர் வரை வளருங்கள். நடுவில் ஒரு கம்பிவலை இருந்தால் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துப் பழகிக்கொள்ளும்.

தனியே வைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சந்தையில் வாங்கிய கோழி எங்கெங்கே எந்தெந்தக் கோழிகளோடு அடைபட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய் ஒரு கூட்டத்தையே ஒரு வாரத்தில் துடைத்துவிடும். சளி நோயைச் சில கோழிகள் வெளியே காட்டாமல் சுமந்துகொண்டிருக்கும். ஆபத்து புதிதாக வந்தவற்றிடமிருந்து மட்டும் வருவதில்லை. பழைய கோழிகளுக்குப் பழகிப்போன இரத்தக்கழிச்சல் கிருமி இளம் வெடைகளுக்கு எமனாகலாம். ஆகவே, முதல் மூன்று நான்கு வாரம் எட்டத்தில் தனியே வையுங்கள், கம்பிவலை வழியே பழக விடுவது அதற்குப் பிறகுதான். தீனியும் தண்ணீரும் முதலில் பழைய கூட்டத்துக்கு, கடைசியில் புதுக் கூட்டத்துக்கு, அதற்குப் பிறகு கை கால் கழுவிக்கொண்டு வெளியே வாருங்கள். தடுப்பூசி போடாத கோழி என்றால் இந்த இடைவெளியில் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். 2007இல் ரியாத்துக்குத் தெற்கே அல்-கர்ஜ் பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தபோது இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டதைக் கண்ட நாடு இது. செங்கடல் ஓரம் வலசைப் பறவைகளின் பெருவழி வேறு. காட்டுப் பறவை வந்து குடிக்கும்படி தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போடாதீர்கள். கோழிகள் கொத்தாகச் செத்தால் ஒளிக்காமல் முதலாளியிடம் சொல்லி அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். செத்ததைச் சமைக்க நினைக்காதீர்கள்.

இடத்தைத் தயார் செய்வதுதான் பாதி வேலை. தண்ணீர் குறைந்தது இரண்டு இடத்தில், ஒன்றை மறித்துக்கொண்டு நிற்கும் கோழியால் மற்றதைப் பார்க்கவோ மறிக்கவோ முடியாத தூரத்தில். நிழலும் அப்படியே இரண்டு. பேரீச்சை ஓலையாலோ பழைய தார்ப்பாயாலோ போட்டால் போதும், ஆனால் இரண்டும் ஒரே மூலையில் இருக்கக் கூடாது. முட்டுச்சந்து மாதிரி ஒடுங்கும் மூலைகளைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள், அங்கே மாட்டிக்கொண்ட கோழி தப்பாது. நடுவில் நாலு காலிப் பெட்டிகளைச் சாய்த்து வைத்தால் ஓடி மறைய வசதி. இரவில் உட்காரும் கட்டையில் ஒரு கோழிக்கு ஒரு சாண் வீதமாவது இடம் வேண்டும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் சரியான கணக்கு. மூன்றே பெட்டைகளை வைத்துக்கொண்டு அவற்றின் முதுகு இறகெல்லாம் உதிர்ந்து நிற்கிறதே என்று வருந்துபவருக்குப் புது வெடைகள் வருவது அந்தப் பழைய கோழிகளுக்கே விடுதலை. ஒற்றை வெடையை மட்டும் கொண்டுவந்து விடாதீர்கள். மூன்று நான்காக விட்டால் கொத்து பங்கு போடப்பட்டுக் குறைந்துவிடும்.

இனிச் சேர்க்கும் முறை. வெடைகளைச் சேவலின் கூண்டுக்குள் அனுப்புவதுதான் வழக்கம். அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வெடைகளை முதலில் ஒரு புது இடத்தில் இரண்டு வாரம் குடிவைத்து, அந்த இடம் அவற்றுக்குப் பழகிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் சேவலை மட்டும் அங்கே கொண்டுபோய் விடுங்கள். தன் ஊரில் சண்டியராகத் திரிந்தவன் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன இடத்தில் குரல் இறக்கிப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சேவலும் அப்படித்தான். எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, வெடைகளுக்குத் தெரியும். பழைய பெட்டைகளும் உடன் இல்லாததால் கொத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு வாரம் இப்படிப் பழகிய பிறகு சேவலும் வெடைகளுமாகச் சேர்ந்து பழைய கூட்டத்தோடு கலக்கட்டும். இரண்டு இடம் ஒதுக்க வசதி இல்லாதவர்கள், ஒரே கூண்டின் நடுவே கம்பிவலை கட்டி ஒன்றிரண்டு வாரம் பார்க்க விடுங்கள், தீனியை வலையின் இரு பக்கமும் ஒட்டி வையுங்கள். சேர்ந்து தின்று பழகினால் பகை குறையும்.

இரவில் கட்டையில் தூக்கி வைத்துவிட்டால் காலையில் அடையாளம் தெரியாமல் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் இரவு அமைதியாகக் கழிவது உண்மை. ஆனால் விடிந்ததும் அடையாளம் தெரிந்துவிடும். எனவே, விடியும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை மஸ்ராவுக்கு வருபவர்கள், வந்த நாள் மாலை கோழியை விட்டுவிட்டு அன்றிரவே திரும்பாதீர்கள். விடுமுறைக்கு முந்தின நாள் மாலை விட்டு, மறுநாள் முழுக்க இருந்து பாருங்கள். அங்கேயே தங்கி வேலை பார்க்கும் நம் சகோதரர் இருந்தால், என்ன பார்க்க வேண்டும் என்று அவரிடம் விவரமாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள். இரத்தம் தெரிந்தால் அந்தக் கோழியை உடனே பிரித்துக் காயம் ஆறும்வரை தனியே வையுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கூடிக் கொத்தும். ஏதாவது ஒரு வெடை நாள் முழுக்கக் கட்டையை விட்டு இறங்காமல் இருந்தால் அது பட்டினி என்று பொருள். மூன்றாவது, அடையும் நேரத்தில் ஒவ்வொரு வெடையின் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிரம்பி இருந்தால் பகலில் எவ்வளவு துரத்தல் நடந்திருந்தாலும் கவலை இல்லை. காலியாக இருந்தால், சண்டையே கண்ணில் படாவிட்டாலும், அந்தக் கோழி நாளைக்கு உங்கள் கையில் இருக்காது. அதைத் தனியே எடுத்து, தண்ணீர் காட்டி, தீனி கொடுத்து, இன்னும் சில நாள் வலைக்கு அந்தப் பக்கமே வையுங்கள்.

தீனியில் ஒரு எச்சரிக்கை. முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு. முட்டைக்கு வராத வெடைக்கு ஒரு பங்கு அளவே போதும், கூடினால் நாளடைவில் சிறுநீரகம் கெடும். சேவலுக்கும் அவ்வளவு தேவையில்லை. கலந்து வளர்க்கும் நாட்களில் எல்லோருக்கும் வளர்கோழித் தீனியே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவைக்கு எடுத்துக்கொள்ளும். பூசணம் பிடித்த குப்பூஸையும், உப்பும் எண்ணெயும் மிகுந்த கப்ஸாவின் மிச்சத்தையும் கோழிக்குப் போட்டுக் கணக்குத் தீர்க்காதீர்கள். வெயில் நாளில் உச்சிப்பொழுதில் தீனி வைக்காமல் விடியலிலும் மாலையிலும் வையுங்கள், செரிமானத்தின் சூடாவது மிச்சமாகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்றிரண்டு சேவல்கள் மாறாது. அசீல் இரத்தம் கலந்த நாலு கிலோ சேவலோடு ஒன்றேகால் கிலோ சிறுவிடை வெடையைச் சேர்த்தால், சேவல் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது மிதிக்கும்போது வெடையின் முதுகு கிழியும். அது குணத்தின் குற்றமில்லை, எடையின் கணக்கு. முள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் அராவி மழுக்குங்கள், உள்ளே உயிருள்ள பகுதி இருக்கிறது, ஆழமாக வெட்டினால் இரத்தம் கொட்டும். இடம், நிழல், தண்ணீர், காலம் நான்கும் சரியாக இருந்தும் ஒரு சேவல் வெடையைத் தரையோடு அமுக்கிக் கொத்திக்கொண்டே இருந்தால், அதை மாற்ற வேண்டியதுதான், அப்போது நானும் தட்டோடு வருகிறேன். புதுச் சேவல் கொண்டுவந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதுச் சேவலின் குஞ்சு வேண்டுமென்றால் அந்த மூன்று வாரம் கழிந்த பிறகு முட்டை சேர்த்து அடை வையுங்கள்.

ஊர் திரும்பியதும் பண்ணை போடுவேன் என்று நம்மில் பாதிப்பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாமக்கல்லோ ராமநாதபுரமோ, எங்கே போட்டாலும் இங்கே பழகிய கைதான் அங்கேயும் வேலை செய்யப்போகிறது. ஆகவே, என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கோடை முடியும்வரை புது வெடைகளைக் கூட்டத்தில் விடாதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போவதற்குப் பதில், அந்தக் காசில் இரண்டாவது நிழலைப் போட்டு இரண்டாவது தண்ணீர்ச் சட்டியை வையுங்கள். கோழி அதற்குப் பிறகு வரட்டும். யாராவது டீக்கடையில் "சேவலை அறுத்துடலாமா" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் "உன் மஸ்ராவில் எத்தனை இடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
யான்பு.